14 பவரில் தெரிந்த பழுப்பு ரோமம்

மான் 35 கஜத்தில் நின்றது. துப்பாக்கியைத் தூக்கி, அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியில், அதாவது ஸ்கோப்பில், கண்ணை வைத்தால் ரோமம்தான் தெரிந்தது. பழுப்பு ரோமம், அதுவும் கலங்கலாக, கம்பளியைக் கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்த மாதிரி. தோளா, தொடையா, வயிறா ஒன்றும் புரியவில்லை. குழலை இடமும் வலமும் நகர்த்தித் தலையைத் தேடினேன். காது மாதிரி ஏதோ வந்து போனது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும் என்று மாற்றுகிற பவர் வளையத்தைத் திருகக் கை போனபோது கையுறை எங்கேயோ உரசியது. அவ்வளவுதான், வெள்ளை வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு அது போயே போய்விட்டது.

அமெரிக்காவில், வடக்கு விஸ்கான்சினில் எனக்கு அது முதல் வேட்டைக் காலம். இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாட முக்கியமான காலம் ஒன்பது நாள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து, அது முடிந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி. நான் வேலை பார்க்கும் காகித ஆலையில் அந்த வாரத்து லீவுக்கு ஜனவரியிலேயே சண்டை தொடங்கிவிடும். என்னை இதில் இழுத்துவிட்டவர் எங்கள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். காட்டை ஒட்டி அவருக்கு 40 ஏக்கர் இருக்கிறது. அதில் அவருடைய அப்பா காலத்துப் பரண் ஒன்று. இவர்கள் டிரீ ஸ்டாண்ட் என்பதை நான் பரண் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சின்ன வயதில் சோளக்கொல்லையில் கிளி ஓட்ட ஏறி உட்கார்ந்த பரணுக்கும் இதற்கும் குளிரைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே மானைத் தொட்டால் ஜெயில்தான். அது அப்படியே இருக்கட்டும். இங்கே கணக்கு வேறு. மான் பெருகிக் கிடக்கிறது, மாநில அரசே உரிமம் கொடுத்து, எத்தனை சுடலாம் என்று கணக்கு வைத்துக் குறைக்கிறது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் உரிமம் வாங்கும் முன் பாதுகாப்பு வகுப்பு முடித்தாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் முடித்தேன். எல்லாத் துப்பாக்கியையும் குண்டு ஏற்றியதாகவே நினை, குழல் வாய் எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் இருக்கட்டும், எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள், சுடும் வரை விரலை விசைக்கு வெளியே வை. இந்த நாலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்கோப்பைப் பற்றி மட்டும் அந்த வகுப்பில் யாரும் எனக்கு உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை.

அந்த ஸ்கோப்பை வாங்கிய கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃபோனில் கேமராவை மெகாபிக்சல் பார்த்து வாங்குகிற ஆள் நான். கடையில் தள்ளுபடியில் 6-24×50 ஒன்று கிடந்தது. பக்கத்தில் இருந்த 3-9×40-ஐவிட அதிக எண்கள், அதிக திருகுகள், முழங்கை நீளம். முதல் எண் குறைந்த பவர், நடு எண் அதிக பவர், கடைசி எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 24 மடங்கு பெரிதாகத் தெரியும் என்றால் 9 மடங்கு எதற்கு? என்னுடையது .308 தோட்டா போடுகிற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், போல்ட் என்ற பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை. அங்கேயே அதில் பொருத்தியும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொருத்தலைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

சுடுகளத்தில் அது அருமையாக இருந்தது. 14-ல் வைத்தால் 100 கஜத்துக் காகிதத்தில் முந்தைய தோட்டா போட்ட ஓட்டையே தெரியும். அந்தப் பெருமையோடு, வளையத்தை 14-லேயே விட்டுவிட்டுப் பரண் ஏறிவிட்டேன்.

மானைத் தவறவிட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பெரியவரின் கொட்டகைச் சுவரில் மளிகை அட்டைப்பெட்டியை வெட்டி மான் அளவுக்கு ஒட்டினேன். மூக்கிலிருந்து வால் வரை ஐந்தடி. 35 கஜம் அளந்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கோப்பில் பார்த்தேன். 14 பவரில் தெரிந்த வட்டத்தின் அகலம் இரண்டரை அடி. பாதி மான். அதுவும் கலங்கல், ஏனென்றால் இந்த நீளமான ஸ்கோப்புகளில் பக்கத்தில் தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் திருகு ஒன்று உண்டு, அது 100 கஜத்திலேயே நின்றது. பெரியவர் தன் பழைய ரைஃபிளைக் கொண்டுவந்து பார்க்கச் சொன்னார். அவருடையது 3-9, 3-ல் நிறுத்தியிருந்தது. அட்டை மான் முழுசும், அதன் முன்னும் பின்னும் மூன்று மூன்றடிச் சுவரும் தெரிந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது.

அடுத்த செப்டம்பரில் முறையாகத் தேட ஆரம்பித்தேன். எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நான் எங்கே, எந்த நேரத்தில் சுடப் போகிறேன்? பரணில் இருந்து பார்த்தால் எந்தப் பக்கமும் 120 கஜத்துக்கு மேல் மரம் மறைத்துவிடும். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். நவம்பர் கடைசியில் இங்கே நாலேகால் மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சட்டம் அனுமதிக்கிற சில நிமிடங்களில்தான் காடு உயிர் பெறும். ஆக, எனக்கு வேண்டியது தூரம் இல்லை. அகலமும் வெளிச்சமும்.

பெரியவர் கொடுத்த ஒரே அறிவுரை, கடை விளக்கில் ஸ்கோப் பார்க்காதே என்பது. பட்டுப்புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்க்கிற நம் அம்மாக்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கடைக்குள் எரியும் விளக்கில் எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் கடை சாத்தும் நேரமாகப் பார்த்துப் போனேன். மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, பின்வாசலில் சரக்கு இறக்கும் இடத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். கடைப்பையன் கூடவே வந்து நின்றான். ஒரு 2-7×33, ஒரு 3-9×40, ஒரு 3-9×50. எதிரே நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் புதர் ஓரம் இருண்டுகொண்டிருந்தது. அதில் ஒரு பழைய டயர் கிடந்தது. அந்த டயரை எந்த ஸ்கோப்பில் கடைசி வரை பார்க்க முடிகிறது என்பதுதான் பரீட்சை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. ஸ்கோப்பைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி திருப்பினால், பின்கண்ணாடியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். கண்ணுக்குள் போகிற வெளிச்சம் அந்தப் பொட்டு அளவுதான். அதன் விட்டம், முன்கண்ணாடியைப் பவரால் வகுத்தால் வருவது. 40 மி.மீ. கண்ணாடி, 9 பவர் என்றால் 4.4 மி.மீ. அதையே 6 பவருக்கு இறக்கினால் 6.7. இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏறச் சுருங்கும். எனக்கு 46. ஆறுக்குக் கீழேதான் இருக்கும். அதாவது 40 மி.மீ. கண்ணாடியில் பவரை 6-க்கு இறக்கிவிட்டாலே என் கண்ணால் குடிக்க முடிகிற அளவுக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது. என் பழைய 24 பவர் மகாராஜா, உச்சியில் வைத்தால் கொடுத்தது 2.1 மி.மீ. அந்தியில் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான். இந்த வகுத்தல் கணக்கு எனக்கு ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் முந்நூறு டாலர் மிச்சம்.

50 மி.மீ. கண்ணாடி 9 பவரில் 5.6 கொடுக்கிறது. டயர் அதில் கொஞ்சம் கூடுதல் நேரம் தெரிந்ததும் உண்மை. ஆனால் பவரை 5-க்கு இறக்கியதும் 40-க்கும் 50-க்கும் வித்தியாசம் காண முடியவில்லை. பெரிய கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் வளையங்களும் உயரமாக வேண்டும். உயர்ந்த வளையம் போட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, தாடை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியாவிட்டால் கண்ணும் ஒரே இடத்துக்கு வராது. 50-ஐ ஒதுக்கிவிட்டேன்.

2-7×33-தான் அறிவாளி வாங்க வேண்டியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சின்னது, லேசானது, இரண்டு பவரில் பார்த்தால் காடே தெரியும். இருந்தாலும் பெரியவரின் நிலத்துக்கு மேற்கே ஒரு பழைய புல்வெளி இருக்கிறது, 200 கஜம். எப்போதாவது அங்கே உட்காரலாம் என்ற சபலத்தில் 3-9×40-க்குப் போனேன். இரண்டு வருடம் ஆகிறது, அந்தப் புல்வெளியில் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

ஸ்கோப்பின் உடல் 30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் அதிகம் என்று கடைப்பையன் சொன்னான். அது சரியில்லை. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன்கண்ணாடியும், பவரும், கண்ணாடிமேல் பூசிய பூச்சும். தடித்த குழாயில், குறி வைக்க உள்ளே தெரிகிற குறுக்குக்கோட்டை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம் கிடைக்கும், அவ்வளவுதான். 100 கஜத்தில் சுடுகிறவனுக்கு ஒரு அங்குலக் குழாயே தாராளம்.

குறுக்குக்கோடு விஷயத்தில் பழசே நல்லது என்று முடிவு செய்தேன். ஓரத்தில் நாலு பக்கமும் தடித்த கோடு, நடுவில் வந்ததும் மெலிந்துவிடும். லூபோல்ட் கம்பெனி 1962-இல் டூப்ளெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, இப்போது எல்லாரும் அதே மாதிரி போடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் நடுக்கோடு கரைந்து போனாலும் தடித்த நாலு கோடும் கண்ணை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி புள்ளியும் கோடும் தொங்குகிற வகைகள் தூரத்துச் சுடலுக்கு. பவரோடு சேர்ந்து கோடும் பெருத்துச் சிறுக்கிற வகை ஒன்று இருக்கிறது, அது இன்னும் மோசம். பவரை இறக்கியதும் கோடு சிலந்தி நூலாகிவிடும். காட்டில், அந்தியில், குறைந்த பவரில்தானே கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும்?

அப்புறம் கண் இடைவெளி. பெரியவரின் வலது புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. நெடுநாள் வரை ஆலையில் பட்ட அடி என்று நினைத்திருந்தேன். இருபது வயதில், மேட்டைப் பார்த்துப் படுத்தபடி .30-06 என்ற பெரிய தோட்டாத் துப்பாக்கியைச் சுட்டபோது ஸ்கோப் உதைத்த அடையாளம் அது. துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப்பும் கண்ணை நோக்கி வரும். முழு வட்டமும் தெரிகிற நிலையில் கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே மூன்றரை அங்குலமாவது வேண்டும், நாலு இருந்தால் நிம்மதி. பவரை ஏற்றினால் இந்த இடைவெளி குறைகிற ஸ்கோப்புகளும் உண்டு, அதனால் கடையில் 3-லும் 9-லும் வைத்துப் பார்த்தேன்.

பனி பூப்பதைப் பற்றி இங்கே எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். ஆரகன் மாநிலத்தில் மார்கஸ் லூபோல்ட் என்பவர் ஸ்கோப்புக்குள் பனி பூத்து மானைத் தவறவிட்ட எரிச்சலில்தான் ஸ்கோப் செய்ய இறங்கினார் என்று. உள்ளே நைட்ரஜன் அடைத்து ஈரத்தை வெளியேற்றும் முறை பரவியது அந்தக் கம்பெனியால்தான். இப்போது உருப்படியான எந்த ஸ்கோப்பிலும் அது இருக்கிறது. எங்கள் மாநிலத்துக்காரர்களுக்கு வோர்ட்டெக்ஸ் மேல் ஒரு ஊர்ப்பாசம், பார்னவெல்டில் இருக்கிற கம்பெனி என்பதால். நான் கடைசியில் வாங்கியது எது என்பது முக்கியம் இல்லை. இருநூறிலிருந்து முந்நூறு டாலருக்குள் இந்த அளவில் கிடைக்கிற நல்ல ஸ்கோப்புகளுக்குள் அந்த டயரைப் பார்ப்பதில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. நூறு டாலருக்குக் கீழே வேறுபாடு தெரிந்தது.

பொருத்தும் வேலையை இந்த முறை நானே செய்தேன். சமையல் மேசையில் பழைய போர்வையை விரித்து, போல்ட்டைக் கழற்றி, குழல் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாப் பெட்டியை மாடியில் வைத்துவிட்டு வந்தேன். பழைய ஸ்கோப்பைக் கழற்றியதும், வளையங்கள் உட்காரும் அடித் தண்டவாளத்தைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. முன்பக்கத் திருகில் ஒன்று கையாலேயே திருகிக் கழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கடையில் பொருத்திக் கொடுத்தபோதே இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். போன வருடம் சுடுகளத்தில் என் குறி சில நாள் நாலு அங்குலம் தள்ளிப் போனதற்கு மூச்சு சரியில்லை, விசை இழுப்பது சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திருகைக் கழற்றாமல் வைத்திருந்தால் இந்தப் புது ஸ்கோப்பையும் திட்டியிருப்பேன்.

திருகுகளையும் துளைகளையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். எண்ணெய்ப் பசை இருந்தால் இறுக்கம் ஏமாற்றும். தண்டவாளத் திருகுகளுக்கு, திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்கு வேண்டாம். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன், நாற்பது டாலர். ஸ்கோப் விலையில் இது வீண் என்று முதலில் தோன்றியது. வளையப் பெட்டியில் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு என்று போட்டிருந்தார்கள். அது எவ்வளவு குறைச்சல் என்பது ரெஞ்ச் கிளிக் என்று சொன்னபோதுதான் தெரிந்தது. ஆலையில் பிளேஞ்ச் போல்ட் இறுக்கிப் பழகிய என் கையை நம்பியிருந்தால் குழாயை நசுக்கியிருப்பேன்.

கடைசியாக இறுக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, கண் இடைவெளி. நவம்பரில் போடுகிற தடித்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். (அந்த ஆரஞ்சு மற்ற வேட்டைக்காரர்களுக்காக. மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது.) செப்டம்பர் புழுக்கத்தில் சமையலறையில் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஆனால் டி-ஷர்ட்டோடு பொருத்தினால் நவம்பரில் சட்டைத் தடிமன் அளவுக்குக் கண் பின்னால் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேடினால் ஸ்கோப் இருக்கும் இடம் தப்பு. அரை அங்குலம் முன்னால் தள்ளினேன், மறுபடி கால் அங்குலம் பின்னால். ஏழெட்டு முறை ஆனது.

இரண்டாவது, கோடு நேராக நிற்பது. அப்பா கொத்தனார். அவருடைய பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவந்து சும்மா அலமாரியில் வைத்திருந்தேன். அதை நூலில் கட்டி, வராந்தா உத்திரத்தில் தொங்கவிட்டேன். ரைஃபிளை மணல்மூட்டையில் வைத்து, தண்டவாளத்தின்மேல் சின்ன ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்துவிட்டு, ஸ்கோப்பில் தெரியும் நெடுக்குக்கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும் வரை குழாயைச் சுழற்றினேன். கடையில் விற்கிற கருவிகளைவிட இது நேர்மையானது. திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடித்து, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து வளையம் வரை மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சுடுகளத்துக்குப் போகும் முன்பே பாதி வேலையை முடிக்கலாம். 25 கஜத்தில் அட்டையை வைத்து, போல்ட் இல்லாத ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் கிடத்தி, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாகப் பார்க்க வேண்டும். குழலின் வட்டத்துக்குள் அட்டையின் கறுப்புப் புள்ளி நடுவில் வந்ததும், துப்பாக்கியைத் தொடாமல், ஸ்கோப்பின் திருகுகளை மட்டும் திருப்பிக் குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்துகொண்டு போனதால் முதல் தோட்டா 25 கஜத்தில் புள்ளிக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம் பட்டது. உயரம் சரி.

ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது கேட்கிற ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்றால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்.) 100 கஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம் நகரும், 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒன்று. இரண்டு அங்குலத்துக்கு 32 கிளிக். எண்ணி எண்ணித் திருப்பினேன். அடுத்த தோட்டா நாலு அங்குலம் இடப்பக்கம் போனது. திருகில் போட்டிருக்கும் அம்பு, தோட்டா படும் இடம் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது, கோடு நகரும் திசையை இல்லை. ஆலையில் இருபது வருடமாக அளவுக்கருவி சரிபார்க்கிற வேலை எனக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை. திருப்பி 64 கிளிக். நட்டநடு.

25-ல் நடுவில் பட்டால் 100-ல் எங்கே படும் என்பது பலருக்குக் குழப்பம். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது, குழல் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிறது. அதனால் தோட்டா பார்வைக் கோட்டை 25-ல் தொட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். என் 150 கிரெய்ன் எடைத் தோட்டா மூன்றும் 100 கஜத்தில் இரண்டே முக்கால் அங்குலம் மேலே பட்டன. 11 கிளிக் கீழே. குழல் ஆறட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி மூன்று. புள்ளியைச் சுற்றி ஒன்றேகால் அங்குலத்துக்குள். 200 கஜத்துக்குக் குறி வைத்து 100-ல் இரண்டு அங்குலம் மேலே படும்படி விடுகிறவர்கள் நிறைய. திறந்த வெளியில் சுடுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு மரம்தான் எல்லை, 100-லேயே நிறுத்திக்கொண்டேன். முக்கியமாக, எந்தத் தோட்டாவால் குறி வைத்தேனோ அதையே வேட்டைக்கும் எடுத்துப் போக வேண்டும். எடை மாறினால் படும் இடமும் மாறும்.

குளிரை முன்கூட்டியே சோதித்தது நல்லதாகப் போயிற்று. உறைபனி விழுந்த ஓர் இரவு ரைஃபிளைக் கார் ஷெட்டில் விட்டுவிட்டுக் காலையில் வீட்டுக்குள் எடுத்து வந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி இரண்டு பக்கக் கண்ணாடியும் வேர்த்துவிட்டன. உள்ளே பூக்கவில்லை, வெளியேதான். ஆகவே வேட்டை நாட்களில் துப்பாக்கி இரவு முழுக்க வெளிக் கொட்டகையிலேயே, பூட்டிய பெட்டியில். பரணில் நாமே விடுகிற மூச்சும் பின்கண்ணாடியில் படியும். தோளில் ஏற்றும்போது வாயால் மூச்சு விடாதே என்பதை இரண்டு முறை ஏமாந்த பிறகு கற்றேன்.

சரி, நவம்பர். முதல் நாள் ஒன்றுமில்லை. ஞாயிறு அந்தியில் ஒரு மான் வந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது கொம்பு மானுக்கான சீட்டு மட்டும். இங்கே அதற்கு ஒரு கொம்பாவது மூன்று அங்குலம் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய 8×42 பைனாகுலரில் பார்த்தேன். காதுக்கு நடுவில் ஏதோ இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் தெளிந்துவிடுமோ என்று கை துறுதுறுத்தது. அதை மட்டும் செய்யக் கூடாது. ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் குண்டு ஏற்றிய துப்பாக்கியை அந்தப் பொருளை நோக்கி நீட்டுவது. அது மானாக இல்லாமல் பக்கத்து நிலத்துக்காரராக இருந்தால்? தேடிப் பார்க்கப் பைனாகுலர், முடிவு செய்த பிறகுதான் ஸ்கோப். அந்த மான் மேய்ந்துவிட்டுப் போனது.

செவ்வாய் காலை ஏழரை மணி. தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு மான்கள் வந்தன. முன்னால் வந்தது பெட்டை. பின்னால் வந்ததற்கு இரண்டு பக்கமும் கவைக் கொம்பு, பைனாகுலரில் ஐயமே இல்லை. துப்பாக்கியைத் தூக்கினேன். பவர் வளையம் 4-ல். வட்டத்துக்குள் அந்தக் கொம்பு மான் முழுசாக நின்றது, முன்னங்கால் மடிப்பில் ஒட்டிய பனித்துகள் வரை. அதற்கு நேர் பின்னால் பெட்டையின் முதுகும் தெரிந்தது. போன வருடத்து ஸ்கோப்பில் அந்த முதுகு எனக்குத் தெரிந்தே இருக்காது. தோட்டா ஊடுருவிப் போனால் அதையும் வாங்கும். காத்திருந்தேன். பெட்டை நாலடி நகர்ந்தது, பின்னால் மேடு மட்டும் மிஞ்சியது. சுட்டேன்.

நாற்பதடி ஓடி விழுந்தது. பரணிலிருந்து நடந்து அளந்தேன், 52 எட்டு.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், அன்றைக்கே ஃபோனில் முடித்தேன். 2002-இல் இந்த மாநிலத்து மான்களில் மூளையைத் தின்னும் சி.டபிள்யூ.டி. நோய் கண்டுபிடித்ததிலிருந்து தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அரசுப் பெட்டியில் போட்டுவிட்டு, நோய் இல்லை என்று முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரில் காத்திருந்தது. பிறகு மிளகு வறுவல். தொடைக்கறியில் கொழுப்பே இல்லை, நல்லெண்ணெய் கொஞ்சம் கூட ஊற்ற வேண்டும். பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார்.

பழைய 6-24 சும்மா கிடக்கவில்லை. பெரியவரின் பேரன் காகிதத்தில் மட்டும் சுடுகிற .22-க்கு அதைக் கேட்டு வாங்கிப் போனான், அதற்கு அது பொருத்தம்தான்.

இந்த வருடம் போன வாரம்தான் பெட்டியைத் திறந்தேன். நகப்பூச்சுக் கோடுகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்டவாளத்தில் நாலும் சரி. முன் வளையத்தின் வலதுபக்கத் திருகில் மட்டும் கோடு மயிரிழை விலகியிருந்தது. கழற்றித் துடைத்து 16-க்கு இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டேன். மகள் இந்த வருடம் நீலத்துக்கு மாறிவிட்டாள், ஆகவே அது மட்டும் நீலம். சனிக்கிழமை 100 கஜத்தில் மூன்று தோட்டா போட்டுப் பார்க்க வேண்டும்.